இடங்கள் நிரம்பிவிட்டன

திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் கண்ணாடி ஏழாவது தடவையாகக் கச்சேரிக்கான பதிவுப் பக்கத்தைத் திறந்து பார்த்தான். எண்பது நாற்காலிக்கு எட்டுப் பேர். காலையிலும் எட்டு. நேற்றும் எட்டு.

அந்த எட்டும் யார் யார் என்று விரல் மடக்காமலே அவனுக்குத் தெரியும். அவன் மனைவி ஒன்று. பாடகியின் அம்மா இரண்டு. டிரம்ஸ்காரனின் மனைவியும் இரட்டைப் பிள்ளைகளும் ஐந்து. கிட்டார்காரனின் அண்ணனும் அண்ணியும் ஏழு. எட்டாவது ஆள் கண்ணாடியின் முதலாளி. ராக் இசை என்றால் என்னவென்று விசாரிக்காமல் வாக்குக் கொடுத்துவிட்டு, விசாரித்த பிறகு பேச்சு மாறாத நல்ல மனுஷர்.

கண்ணாடி என்பது பாட்டுக் குழு அவனுக்கு வைத்த பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து பிரேமில் பொருத்துவது அவன் வேலை. கடை அடைத்த பிறகு அவன் பேஸ் கிட்டார்காரன். அவன் வாசித்தால் யாருக்கும் தெரியாது. நிறுத்தினால் எல்லோருக்கும் தெரியும்.

குழுவில் மொத்தம் நாலு பேர். கிட்டார் வாசிக்கிறவன் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூட உதவியாளன். ஆள் ஒல்லி, எதற்கெடுத்தாலும் பதறுவான், ஆகவே நரம்பு. டிரம்ஸ் அடிக்கிறவன் பஸ் ஓட்டுநர், பெயர் டமாரம். பாடுகிறவள் பிசியோதெரபி நிலையத்தில் ஊரார் முழங்காலையெல்லாம் மடக்கி நீட்டுகிறவள். மூன்று பேரையும்விட மூத்தவள் என்பதால் அக்கா. அவளுக்குப் பட்டப்பெயர் வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

குழுவின் பெயர் ஈரச் சுவர். முதன்முதலில் ஒத்திகை பார்த்த அறையின் சுவர் வருஷம் முழுக்கக் கசிந்துகொண்டிருந்தது. வேறு பெயர் தோன்றவில்லை. ஆறு வருஷமாக ஓர் ஆல்பம் போடப் பாடுபட்டார்கள். முதல் தடவை ஒன்பது பாட்டையும் பதிவு செய்து முடித்த வாரம் ஒலிப்பதிவாளரின் கணினியைத் திருடன் கொண்டுபோனான். இரண்டாம் தடவை அந்தச் சுவரே மேலிருந்து ஒரு பாளமாகப் பெயர்ந்து ஒலிப்பதிவுப் பெட்டியின் மேல் விழுந்தது. மூன்றாம் தடவை அக்காவின் தொண்டையில் ஒரு கட்டி. அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் வாயைத் திறக்கக்கூடாது என்றார் மருத்துவர். எட்டு மாதமும் அவள் மூவரையும் சிலேட்டில் எழுதித் திட்டினாள். குரல் திரும்பி வந்தபோது கொஞ்சம் கரகரப்பும் கூடவே வந்தது. அதை வைத்துக்கொண்டு நான்காம் தடவை பாடியதுதான் இந்த ஆல்பம். பெயர் 'காயட்டும்'.

வெள்ளிக்கிழமை காலை ஆல்பம் இணையத்தில் வெளிவரும். ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஒரு கீழ்த்தள அரங்கில் கச்சேரி. அனுமதி இலவசம். பதிவுப் பக்கத்தில் பேரைப் போட்டால் ஒரு நம்பர் வரும். நம்பரோடு வந்தால் உட்காரலாம்.

போன ஒத்திகையின் முடிவில், மைக் வயரைச் சுருட்டிக்கொண்டே அக்கா ஒரு விஷயம் சொன்னாள்.

"நாப்பது பேராவது வரணும். வரலேன்னா இதோட நிறுத்திக்கலாம். எனக்கு நாப்பத்திரண்டு வயசாச்சு. இனிமே காலியான ரூம்ல பாட எனக்குத் தெம்பு இல்லை."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் கண்ணாடி கவலைப்பட்டிருக்க மாட்டான். அவள் நிதானமாகச் சொன்னாள். வயரைக்கூடச் சிக்கில்லாமல் சுருட்டினாள்.

ஆகையால் திங்கட்கிழமை மதியம் கண்ணாடி சாப்பாட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, பதிவுப் பக்கத்தில் தன் பெரியப்பாவின் பெயரை அடித்தான். பெரியப்பா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. இருந்தாலும் நம்பர் வந்தது. கை பழகிவிட்டது. சித்தப்பா, ஒன்றுவிட்ட அண்ணன், பேசிப் பல காலமான அத்தை என்று வரிசையாகப் பதினைந்து பேரை உட்கார வைத்தான். இருபத்துமூன்று. பார்க்கக் கொஞ்சம் மரியாதையாக இருந்தது.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். குரலில் ஒரு துள்ளல். "பாத்தியா? நாப்பது ஆயிடுச்சு."

கண்ணாடி பக்கத்தைத் திறந்தான். நாற்பதேதான். தான் போட்டது பதினைந்து. மீதிப் பதினேழு பேர் தானாக வந்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத பதினேழு பேர். அவனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கூட்டம் இருக்கிற இடத்துக்குத்தான் கூட்டம் வரும், நம் பதினைந்தைப் பார்த்துத்தான் அந்தப் பதினேழு வந்தது என்று அவனே ஒரு கணக்குப் போட்டு, இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தான். இந்தத் தடவை மனைவி வழிச் சொந்தம்.

செவ்வாய்க்கிழமை அறுபத்திரண்டு. அன்று முழுக்க அவன் கவனம் வேலையில் இல்லை. ஒரு அம்மாளுக்கு இடது லென்ஸை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாட்டிக் கொடுத்துவிட்டான். அவர் கடை வாசலில் ஒரு காலைத் தூக்கியபடி நின்று, படி தன்னைப் பார்த்து ஏறி வருகிறது என்று புகார் செய்தார்.

புதன்கிழமை சாயங்காலம் பக்கத்தின் மேலே சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்துவிட்டது: இடங்கள் நிரம்பிவிட்டன.

நாலு பேரும் ஒருவருக்கொருவர் போன் செய்துகொண்டார்கள். டமாரம், பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பேசுவதாகச் சொல்லி, பின்னால் யாரோ திட்டுவதைப் பொருட்படுத்தாமல் பத்து நிமிஷம் பேசினான். அக்கா அதிகம் பேசவில்லை. கடைசிப் பாட்டை இன்னும் ஒரு தடவை ஒத்திகை பார்க்கலாமா என்று மட்டும் கேட்டாள். அவளாக ஒத்திகைக்குக் கூப்பிட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

சந்தோஷம் ஒரு மணி நேரம் நின்றது. அப்புறம் கண்ணாடிக்கு உறைத்தது. எண்பதில் இருபத்தைந்து நாற்காலி அவனுடைய பொய். பெரியப்பா வரப்போவதில்லை. மேடையிலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு வழுக்கை தெரியும். அதைவிட, உண்மையாகக் கேட்க ஆசைப்படுகிற இருபத்தைந்து பேருக்கு அவனே கதவைச் சாத்தி வைத்திருக்கிறான். அக்காவுக்குத் தெரிந்தால் சிலேட்டு போதாது.

மனைவியிடம் சொன்னான். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, போட்டதை எடுத்துவிட்டால் தீர்ந்தது, இதற்கா இப்படி நடையாய் நடக்கிறீர்கள் என்றாள்.

வியாழக்கிழமை மதியம் அவன் பத்துப் பேரை ரத்து செய்தான். எழுபது. கண்ணை மூடித் திறந்தான். எழுபத்துமூன்று. எழுபத்தெட்டு. ஐந்து நிமிஷத்தில் எண்பது, சிவப்பு எழுத்து. கண்ணாடிக்கு மயிர்க்கூச்செறிந்தது. மிச்சப் பதினைந்தையும் எடுத்தான். பெரியப்பாவைக் கடைசியாக, மன்னிப்புக் கேட்டு எடுத்தான். அரை மணி நேரத்தில் அந்தப் பதினைந்து இடமும் நிரம்பிவிட்டன.

அதாவது இப்போது எண்பதும் சொக்கத் தங்கம். ஒரு பொய்கூட இல்லை. மனசாட்சி சுத்தமாகி, அவன் அன்று தேய்த்த லென்ஸ் எல்லாம் பிரேமில் தானாகப் போய் உட்கார்ந்தன.

அந்த நேரம் பார்த்து அரங்கின் மேலாளர் அம்மாள் கூப்பிட்டார். போன மாதம் வேறொரு நிகழ்ச்சியில் அளவுக்கு மீறி ஆள் ஏறி, தீயணைப்புத் துறை அவரை நிற்கவைத்துப் பாடம் நடத்தியதாம். எண்பதுக்கு மேல் ஒரு தலை தெரிந்தாலும் மின்சாரத்தை நிறுத்திவிடுவேன், தெருக்கதவில் கறாரான ஆளாகப் பார்த்துப் போடுங்கள் என்றார்.

கறாரான ஆள் என்றால் கண்ணாடிக்கு ஒரே ஒருவர்தான் தெரியும்: மனைவியின் தம்பி. தேர்வு அறை மேற்பார்வையாளன். மணி அடித்து ஒரு நிமிஷம் தாமதமாக வந்த சொந்தத் தலைமையாசிரியரின் மகனையே உள்ளே விடாதவன். அதற்காக எங்கோ மாற்றல் ஆகி, அங்கேயும் விடாதவன்.

"நம்பர் இருந்தா விடு. இல்லேன்னா விடாதே," என்றான் கண்ணாடி.

மச்சினன் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். "தெரிஞ்சவங்கன்னு சொன்னா?"

"விடாதே."

"ரொம்ப தூரத்துல இருந்து வந்தோம்னு சொன்னா?"

"விடாதேன்னா விடாதே."

"சரி மாமா. நீங்க வந்தா?"

கண்ணாடி ஒரு கணம் யோசித்தான். தன்னிடம் நம்பர் இல்லை. "நாங்க பின்பக்க லிஃப்ட்ல வந்துக்கறோம்," என்றான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு 'காயட்டும்' வெளியானது. அக்கா முன்கூட்டியே ஓர் உத்தரவு போட்டிருந்தாள். ஞாயிறு கச்சேரி முடிகிறவரை எத்தனை பேர் கேட்டார்கள், யார் என்ன எழுதினார்கள் என்று ஒருத்தரும் பார்க்கக்கூடாது. இரண்டு வருஷம் முன்பு ஒரு பாட்டை மட்டும் தனியாக வெளியிட்டபோது மொத்தம் நாற்பத்தொரு தடவை கேட்கப்பட்டிருந்தது. அதில் முப்பது தடவை நரம்பு. அந்தத் துக்கத்தில் அவன் ஒரு வாரம் கிட்டாரைத் தொடவில்லை. அது மறுபடி நடக்கக்கூடாது என்றாள்.

கண்ணாடி போனை மனைவியிடம் கொடுத்துவிட்டான். வெள்ளி, சனி இரண்டு நாளும் அவன் பட்ட பாடு சொல்லி மாளாது. கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. வீட்டில் இருக்கிற அத்தனை தாழ்ப்பாளுக்கும் எண்ணெய் விட்டான். மின்விசிறியைத் துடைத்தான், இறங்கி வந்து பார்த்துவிட்டு மறுபடி ஏறித் துடைத்தான். ஒரே ஒரு தடவை, ஒரு நொடி, எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று கெஞ்சினான். மனைவி போனைக் கைப்பையில் போட்டு, கைப்பையோடு கடைக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு நாலு பேரும் பின்பக்க லிஃப்டில் இறங்கினார்கள். தெருவிலிருந்து இரண்டு மாடி கீழே அரங்கு. சுவரெல்லாம் தடித்த பஞ்சுப் பலகை, வாசலுக்கு இரட்டை இரும்புக் கதவு. மேலே இடி விழுந்தாலும் கீழே கேட்காது. போனில் ஒரு கோடு சிக்னல் கிடையாது. எண்பது நாற்காலியும் வரிசையாகக் காத்திருந்தன.

மூன்றே கால் மணிக்கே எட்டுப் பேரும் வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். முதலாளி காதில் வைக்கப் பஞ்சு கொண்டுவந்திருந்தார். அவசரப்பட வேண்டாம், பாட்டு ஆரம்பித்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று கண்ணாடியின் மனைவி சொன்னாள்.

மூன்றே முக்கால். யாரும் வரவில்லை. கடைசி நேரத்தில்தான் மக்கள் வருவார்கள் என்று நரம்பு நாலு தடவை சொன்னான். நாலு மணி. நாலு பத்து. இரட்டைப் பிள்ளைகள் காலி நாற்காலிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

மேலே போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கண்ணாடியின் மனைவி எழுந்தாள்.

"வேண்டாம்மா," என்றாள் அக்கா. "தெருவும் காலியா இருக்குன்னு நீ வந்து சொன்னா, அதைக் காதால கேட்டுட்டு என்னால பாட முடியாது. கதவு அவங்களுக்குத் தெரியும். வர்றவங்க வரட்டும்."

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் நாலு பேரும் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. டமாரம் குச்சியால் தன் தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தான். திடீரென்று நிறுத்தினான்.

"நான் ஒண்ணு சொல்லணும். யாரும் அடிக்கக் கூடாது. அந்த எண்பதுல நாப்பத்துமூணு நான்."

"என்ன நீ?" என்றாள் அக்கா.

"நான்தான் பேர் போட்டேன். முதல்ல பதினெட்டுதான் போட்டேன்க்கா. வியாழக்கிழமை பஸ்ஸை ஸ்டாண்டுல போட்டுட்டுப் பாக்கறேன், திடீர்னு பத்துப் பேர் ரத்து பண்ணிட்டாங்க. அப்புறம் பதினஞ்சு பேர். நீங்க பாத்தா மனசு உடைஞ்சுடுவீங்களேன்னு உடனே உடனே நிரப்பிட்டேன்."

கண்ணாடியின் சொக்கத் தங்கம் கண்ணெதிரே பித்தளையாகிக்கொண்டிருந்தது. "அத்தனை பேருக்கு எங்கடா போனே?" என்று மட்டும் கேட்டான்.

"ரூட்ல இருக்கற ஸ்டாப் பேரெல்லாம் போட்டேன். முன்னாடி திரு, திருமதின்னு சேத்துக்கிட்டேன்."

நரம்பு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். "பதினேழு நான்," என்றான் சுவரிடம். "எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேடு."

ரத்தான இருபத்தைந்தும் தன்னுடையது என்று கண்ணாடி ஒப்புக்கொண்டான். டமாரம் குச்சியை ஓங்கினான். அப்புறம், தான்தான் அடிக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டது ஞாபகம் வந்து இறக்கிக்கொண்டான்.

மூன்று பேரும் அக்காவைப் பார்த்தார்கள். நாற்பத்துமூன்றும் பதினேழும் அறுபது. வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் எட்டு. இன்னும் பன்னிரண்டு பேர் எங்கேயோ இருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு பேராவது உண்மையானவர்களா என்ற நம்பிக்கை மூன்று முகத்திலும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தது.

அக்கா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"அப்படிப் பாக்காதீங்க. அது நான்," என்றாள். "நாப்பது வந்தும் உங்க மூஞ்சி எதுவும் தெளியலை. எனக்குத்தான் நாப்பது வேணும்னு சொல்லி உங்களைப் பயமுறுத்திட்டேனேன்னு மனசு கேக்கலை. எங்கிட்ட முழங்காலுக்கு வர்றவங்க பேரையெல்லாம் எழுதிட்டேன்."

முதலில் சிரித்தது நரம்பு. சிரிப்பா அழுகையா என்று மற்றவர்களுக்குச் சந்தேகமாக இருந்தது. அப்புறம் டமாரம். பிறகு நாலு பேருமே சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தாள்.

"நாப்பது வரலேன்னா விடறேன்னு சொன்னேன்ல? அதை வாபஸ் வாங்கிக்கறேன். எனக்காக இத்தனை பொய் சொல்ல மூணு பேர் இருக்கீங்க. வாங்க, அந்த எட்டுப் பேரையும் ஒரு வழி பண்ணலாம்."

நாலரை மணிக்கு ஆரம்பித்தார்கள். ஆறு வருஷத்தில் அவர்கள் அப்படி வாசித்ததே இல்லை. இழக்க எதுவும் மிச்சம் இல்லாததால் நரம்பின் விரல் நடுங்கவில்லை. டமாரம் தாளத்தை ஓர் இடத்திலும் முந்தவில்லை. மூன்றாவது பாட்டில், அந்த எட்டு மாத மௌனத்தைப் பற்றிய பாட்டில், அக்காவின் கரகரத்த குரல் மேலே ஏறி, ஒரு கணம் உடைந்து, உடைந்த இடத்திலிருந்தே எழுந்தது. அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளி பஞ்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடிக்கு, தன் கைக்கடியில் அதிர்கிற தந்தியை விட்டால் தானும் அழுதுவிடுவோம் என்று தோன்றியது. ஒன்பது பாட்டு முடிந்ததும் இரட்டைப் பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நின்று இன்னொன்று கேட்டார்கள். முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்தார்கள்.

ஆறரை மணிக்கு வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு மச்சினன் இறங்கி வந்தான். சட்டை தொப்பலாக நனைந்து, மேல் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது. தொண்டை கட்டிப்போயிருந்தது. கையில் நோட்டு. ஒரு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, கண்ணாடி நீட்டிய தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான்.

அவனைப் பார்க்கக் கண்ணாடிக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டான். யாரும் வரவில்லை என்பதற்காக வருத்தப்பட வேண்டாம், தப்பு எங்கள் மேல்தான், உன்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தெருவில் சும்மா நிற்கவைத்துவிட்டோம் என்றான்.

மச்சினன் நோட்டை மூடி வைத்துவிட்டுப் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சும்மா எங்க மாமா நின்னேன்? முந்தாநாள்தான் பாட்டைக் கேட்டோம், அதுக்குள்ள இடம் நிரம்பிடுச்சுன்னு சொல்லிக்கிட்டு நம்பரே இல்லாம முன்னூறு பேர் வந்து, மூணாவது பாட்டை வாசல்லயே கோரஸாப் பாடிக் காட்டிக் கெஞ்சினாங்க. ஒருத்தரை உள்ள விட்டிருந்தா கேளுங்க."